அழகம்மாளின் நாற்பது மடிகள்

உசிலம்பட்டி
29.8.2025, வெள்ளிக்கிழமை

மைத்ரேயி மேடம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கம்பெனி வேன் டிரைவர் பாண்டியராஜன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போன் போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன்.

ஜூன் மாதம் போனில் என்ன சொன்னீர்கள்? "திவ்யா, அமெரிக்காவுக்கு ஏப்ரன் ஆர்டர் பொங்கல் வரைக்கும் இருக்கு. தைரியமா ஆள் சேர்த்துக்கோ." அதை நம்பித்தான் என் தையல் கொட்டகையில் பன்னிரண்டு பேராக இருந்தவர்களைப் பதினெட்டாக்கினேன். நேற்று வாட்ஸாப்பில் என்ன அனுப்பினீர்கள்? "ஆர்டர் நிறுத்தம். வெட்டிய துணியைத் தைக்க வேண்டாம்." அதற்குக் கீழே கும்பிடுகிற கை பொம்மை ஒன்று. அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஆண்களுக்கு இங்கே வேலை இல்லையென்றால் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். என்னிடம் தைப்பவர்கள் மாட்டைக் கறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மாமியாருக்குச் சோறு வைத்துவிட்டு வருகிறவர்கள். கொட்டகை நடந்து வரும் தூரத்தில் இருப்பதால்தான் அவர்களுக்கு வேலை என்று ஒன்று இருக்கிறது.

கொட்டகை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். என் மாமனார் காசிமாயன் மாட்டுத் தீவனம் போட்டு வைத்திருந்த இடம். மருமகள் கேட்டாளே என்று விட்டுக்கொடுத்தார். நேற்று மிஷின் சத்தம் கேட்கவில்லை என்று எட்டிப் பார்த்தார். "ஓடலையாக்கும். சரி தாயி, தை ஒண்ணு வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஓடலைன்னா புண்ணாக்கு மூட்டைய எறக்கிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல் எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திவ்யா

*

கே.கே. நகர், மதுரை
2.9.2025

திவ்யா,

ஆபீஸ் லெட்டர்ஹெட்டிலேயே எழுதியிருக்கிறேன். இதைவிட எழுத்தில் கொடுக்க எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 27 முதல் நம் துணிக்கு அமெரிக்காவில் ஐம்பது சதவீதம் வரி. நூறு ரூபாய்ச் சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போதே அதன் தலையில் இன்னும் ஐம்பது ரூபாய் ஏறிவிடும். அதை யார் கட்டுவது? வாங்குகிறவர் "நீங்கள் குறைத்துக் கொடுங்கள்" என்றார். எங்கள் முதலாளி கைலாசநாதன் சார் முடியாது என்றார். வாங்குகிறவர் ஆர்டரை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஜூனில் நான் சொன்னபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்தே சொன்னேன் என்று நீ நினைத்தால் அதுதான் வருத்தம். கும்பிடு போட்டது வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

இப்போது என் முறை. கடைசியாக வந்த கட்டைப் பிரித்தேன். அதில் நாற்பது ஏப்ரன்களில் கீழ்ப்பக்கத்தை வயிறு வரைக்கும் மேலே மடித்து, இரண்டு ஓரமும் சேர்த்துத் தைத்திருக்கிறது. சமையல்கட்டில் கட்டுகிற துணியைக் கங்காருப் பை மாதிரி ஆக்கியிருக்கிறீர்கள். போதாததற்கு ஒரு மூலையில் நாடா வேறு. இருக்கிற கஷ்டத்தில் கைலாசநாதன் சார் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் வெளியில குடுக்கக் கூடாதுங்கிறது" என்றார்.

யார் செய்த வேலை அது?

மைத்ரேயி

*

உசிலம்பட்டி
5.9.2025

மேடம்,

வேறு யார், அழகம்மாள்தான். எங்களில் வேகமான கை அவளுடையது. அவளுடைய காது அந்த அளவுக்கு வேலை செய்யாது. நல்லாக் கேட்கும், ஆனால் கேட்டுக்கொள்ள மாட்டாள்.

விசாரணை வைத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏ திவ்யா, அடுப்படியில யாராச்சும் புதுத்துணியக் கட்டிக்கிட்டு நிப்பாகளா? கரி படாதா? நானும் ரெண்டு வருசமாத் தைக்கிறேன், எனக்கு அப்பவே சந்தேகம். இது பூப்பறிக்கிற மடிடி. அடிய மடிச்சுத் தைக்கணும்னு வெள்ளக்காரனுக்குத் தெரியல. பறிக்கிற பூவெல்லாம் கீழ கொட்டிரும்லா. பாவமேன்னு ஒரு நாப்பதச் சரிபண்ணி விட்டேன்."

நாடா எதற்கு என்றேன். மடி நிறைந்ததும் நாடாவை உருவினால் அந்த மூலை திறந்து பூ கூடையில் கொட்டுமாம். குனிந்து அள்ள வேண்டாமாம். அவள் இங்கே வருவதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்தில் பறித்துவிட்டு வருகிறவள். முந்தானையை மடியாகக் கட்டிக் கட்டி இடுப்பில் தழும்பே விழுந்திருக்கிறது.

தப்பு எங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது சதவீதம் போட்டவரைவிட அழகம்மாளின் தப்பு சின்னது.

வேன் இன்றோடு நிற்கிறது என்று பாண்டியராஜன் அண்ணன் சொன்னார். இனி எழுத்தில் கொடுக்கக்கூட வழியில்லை போலிருக்கிறது.

திவ்யா

*

கே.கே. நகர்
7.10.2025

அன்புள்ள திவ்யா,

தபால் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. ஸ்டாம்ப் வாங்கப் போனால் போஸ்ட் ஆபீசில் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள்.

மூன்று கேள்விகள். வெட்டிய துணி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? அதைத் திருப்பி எடுக்க வேன் செலவுகூடக் கட்டாது, கொடுப்பதைக் கொடுத்து நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கைலாசநாதன் சார். இரண்டாவது, அழகம்மாளுக்கு ஒரு மடி தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவது, மற்றவர்களும் அதே மாதிரி தைப்பார்களா, இல்லை அது அவள் ஒருத்திக்கே தெரிந்த ரகசியமா?

சும்மாதான் கேட்கிறேன். மனக்கோட்டை கட்ட வேண்டாம். கழித்துப்போட்ட அந்த நாற்பதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு எங்கள் மொட்டைமாடியில் தக்காளி பறித்தேன். இரண்டு கையும் சும்மா இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அழகம்மாளிடம் சொல்.

மைத்ரேயி

*

உசிலம்பட்டி
13.10.2025

மேடம்,

உங்கள் கடிதத்தின் பின்பக்கம் எட்டாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள். ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்புகிற கணக்கை, எங்களோடு தைக்கும் முருகம்மாளின் மகள் உட்கார்ந்து போட்டுவிட்டாள். விடை நான்கு மணி நேரமாம். சரிதானா என்று உங்கள் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார் ஜெயந்த் சாரிடம் கேட்டுச் சொல்லவும்.

கேள்விகளுக்குப் பதில். துணி பத்திரமாக இருக்கிறது, அறுநூறு துண்டு. அழகம்மாளுக்கு ஒரு மடிக்குப் பத்து நிமிடம். மூன்றாவது கேள்விக்கு வந்து பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மிஷின் நின்றதிலிருந்து பதினெட்டு பேரும் பூப்பறிக்கத்தான் போகிறோம், நானும் போகிறேன். எல்லோர் இடுப்பிலும் அழகம்மாள் சொல்லிக்கொடுத்து அவரவர் பழைய புடவையில் தைத்துக்கொண்ட மடி. மற்ற ஆட்கள் ஒரு வரிசை முடிக்கிறதுக்குள் நாங்கள் ஒன்றரை வரிசை முடித்துவிடுகிறோம். "மடிக்காரிகள வரச்சொல்லுங்க" என்று தோட்டக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள்.

ஆனால் பூ காலை ஒன்பது மணியோடு முடிந்துவிடும். மிஷின் வேலை போல மாதம் முழுக்க வராது. மாமா தினமும் கொட்டகையை அடி வைத்து அளக்கிறார். எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று பார்க்கிறாராம்.

ஒன்று கேட்கவா? ஆபீசில் தாளுக்கு என்ன பஞ்சம்? லெட்டர்ஹெட் எங்கே போயிற்று?

திவ்யா

*

கே.கே. நகர்
3.11.2025

அன்புள்ள திவ்யா,

நான்கு மணி நேரம் சரியான விடை. அந்தப் பெண்ணுக்கு ஜெயந்த் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.

லெட்டர்ஹெட் இல்லை, ஏனென்றால் ஆபீஸ் இல்லை. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி என்னை அனுப்பிவிட்டார்கள். பதினோரு பேரில் மூன்று பேர். மூன்று பேரும் பெண்கள். கைலாசநாதன் சார் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "உங்க வீட்ல ஜெயந்த் சம்பளம் இருக்கேம்மா. மத்தவங்க குடும்பஸ்தங்க." பதினான்கு வருடம் நான் குடும்பம் இல்லாமலா வேலைக்குப் போனேன்? வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவள் என்று நீ திட்டுவதே எனக்கு மரியாதையாக இருந்தது.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். கடைசி நாளன்று ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சாம்பிள் பார்சல் போனது. பெர்த் பக்கத்தில் தோட்டச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு. அதில் அழகம்மாளின் மடி ஒன்றையும் நான்தான் சொருகினேன். அந்த அம்மா மற்ற எதையும் பற்றிப் பேசவில்லை. மடி முந்நூறு வேண்டும், ஜனவரிக்குள் வேண்டும் என்கிறார். அங்கே அதுதான் வெயில் காலம், பழம் பறிக்கிற காலம். கைலாசநாதன் சாரிடம் கேட்டேன். "முந்நூறா? நமக்குக் கட்டாது, நீங்களே பண்ணிக்கோங்க" என்றார். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். உன்னிடம் கற்றது.

அங்கே வரி எவ்வளவு என்று கேட்பாய். ஒன்றுமில்லை. அந்த நாடும் நம் நாடும் சில வருடங்களுக்கு முன் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஒப்பந்தம் என்றால் காலையில் எழுந்து ஒருவருக்கு மனசு மாறிவிட்டால் வரியை ஏற்றிவிட முடியாது.

ஆனால் சரக்கு எங்கே தயாரானது என்று சான்றிதழ் வேண்டும். ஏற்றுமதி எண் வேண்டும். அதை உன் பெயரிலேயே எடுக்கலாம். அதற்கு ஒரு முகவரி வேண்டும், அதாவது கொட்டகையை உனக்கு வாடகைக்கு விட்டதாக உன் மாமனார் எழுதிக்கொடுத்த பத்திரம். கேட்டுப் பார்.

மைத்ரேயி

*

உசிலம்பட்டி
9.11.2025

மைத்ரேயி அக்கா,

இனிமேல் மேடம் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம், அடுத்த தடவை அழுகை. அந்த வாட்ஸாப் கும்பிட்டுக்கு நான் திட்டியதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

மாமாவிடம் கேட்டேன். வாடகை தருகிறேன், மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "மருமகட்ட வாடக வாங்குனேன்னு ஊரு சிரிக்கவா? எம்மகன் தங்கப்பாண்டி லாரி ஓட்டி நல்லாத்தானே சம்பாதிக்கிறான். உனக்கு எதுக்குத் தாயி பத்திரம்?" என்றார்.

அக்கா, கைலாசநாதன் சாரும் என் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. எப்படி ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்? மாமா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அவரேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஆனால் பாசத்தில் கொடுத்ததைப் பாசத்தோடே திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? எனக்குப் பாசமும் வேண்டும், பத்திரமும் வேண்டும்.

அழகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை காது கொடுத்து. "அந்த ஐம்பது சதவீதம்னா என்ன, இன்னொருக்காச் சொல்லு" என்றாள். சொன்னேன். அப்புறம் நேராக மாமாவின் மல்லிகைத் தோட்டத்துக்குப் போய், வேலியில் நின்றே சொல்லிவிட்டு வந்தாள்.

"காசிமாயண்ணே, நாளையில இருந்து உங்க தோட்டத்துக்கு மட்டும் ஒன்றரைக் கூலி. ஐம்பது சதவீதம் வரி போட்டுருக்கோம்."

திவ்யா

*

கே.கே. நகர்
17.11.2025

அன்புள்ள திவ்யா,

ஜெயந்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் எச்சரிக்கிறேன். ஒருவர் வரி போட்டால் எதிரில் இருப்பவரும் பதிலுக்குப் போடுவார். நடுவில் அடிபடுவது யார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே பேச்சுக்கு எப்போதும் கதவைத் திறந்து வை. மாமாவுக்குத் தோற்றுப்போன மாதிரி இருக்கக் கூடாது. அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நிபந்தனைகளுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் உன் மாமா எதிலும் கையெழுத்துப் போட மாட்டார் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் முடி. நானும் தூங்காமல்தான் இருக்கிறேன். இந்த முந்நூறு போகாவிட்டால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

மைத்ரேயி

*

உசிலம்பட்டி
13.12.2025

மைத்ரேயி அக்கா,

நீங்கள் சொன்னது போலவே எதிர்வரி வந்தது. டீக்கு மாமா வீட்டிலிருந்து வரும் பாலை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் பதினெட்டு பேரும் வரக்காப்பி. அழகம்மாள் பாலுக்காகக் கொஞ்சம் தளர்ந்தாள். நான் பிடித்து நிறுத்தினேன்.

அப்புறம் கார்த்திகைத் தீபம் வந்தது. இந்தப் பனியில் செடிக்கு நாலு பூதான், ஆனால் அந்த நாலு பூவுக்கும் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் தங்கத்தின் மதிப்பு. ஒன்றரைக் கூலி கொடுக்க மாமாவுக்கு மனசு வரவில்லை. தீபத்துக்கு முந்தின நாள் விடிகிற நேரம் நான் தோட்டத்துப் பக்கம் போனேன். மாமா தனியாகப் பறித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் அழகம்மாளின் மடி. கொட்டகையில் இருந்து எடுத்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டார். நானும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். ஆனால் டீக்கடை நல்லகாமன் பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, புதுசா ரெண்டு கை மொளச்சிருச்சா?" என்று கேட்டாராம். அதற்கு மாமா சொன்ன பதில்தான் முக்கியம். "சும்மா சொல்லக் கூடாதுய்யா. இம்புட்டு வருசமா இது இல்லாம என்னத்தப் பறிச்சோம்?"

அன்று சாயங்காலம் அவரே கொட்டகைக்கு வந்தார். பால் தூக்குவாளியோடு வந்தார். பேச்சுவார்த்தை இரண்டு மணி நேரம் நடந்தது. முடிவு இது. கொட்டகை மூன்று வருடத்துக்கு எனக்கு. மாதம் பிறந்தால் வாடகை. மாட்டுப் பொங்கலன்று மட்டும் மாடுகள் வழக்கம்போல உள்ளே வந்து பொங்கல் சாப்பிட்டுப் போகும், அப்போது மிஷின்களை நாங்கள் ஓரம் கட்ட வேண்டும். அவர் தோட்டத்துப் பூவுக்கு வரி கிடையாது, எங்கள் டீக்குப் பால் தடை கிடையாது. கடைசி இரண்டையும் பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். "நாளைக்கு அழகம்மா மனசு மாறிட்டா?" என்று கேட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை, பத்திர ஆபீசில் பதிவு செய்தோம். எழுத்தர், "தங்கப்பாண்டி மனைவின்னு போட்டாப் போதுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "திவ்யான்னு மொதல்ல போடுய்யா. தொழில் அவளோடது. மிச்சத்தப் பெறகு போடு" என்றார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்திருக்கும்.

பதினெட்டு மிஷினும் ஓடுகிறது அக்கா. நான் எழுதும் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

திவ்யா

*

கே.கே. நகர்
6.1.2026

அன்புள்ள திவ்யா,

முந்நூறு மடியும் நேற்று தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டன. ஒவ்வொன்றையும் நாடா உருவிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

எங்கே தயாரானது என்ற சான்றிதழின் நகல் இத்துடன் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தைப் பார். உன் பெயரும் கொட்டகை முகவரியும். பதினான்கு வருடமாக நான் எத்தனையோ சான்றிதழ்கள் நிரப்பியிருக்கிறேன். உங்களைப் போல ஊர் ஊராக உட்கார்ந்து தைத்தவர்களின் பெயர் ஒன்றில்கூட வந்ததில்லை. கம்பெனி பெயர்தான் வரும். இதை நிரப்பியபோதுதான் அது எனக்கு உறைத்தது. முன்பே உறைத்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

பெர்த் அம்மா அடுத்ததற்கு எண்ணூறு கேட்கிறார். சந்தோஷம்தான். ஆனால் இனி அதற்கெல்லாம் நீ ஒரு ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வேறு வேலைக்கு நான்கு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மைத்ரேயி

*

உசிலம்பட்டி
12.1.2026

மைத்ரேயி அக்கா,

சான்றிதழைக் கொட்டகையில் மாட்டியிருக்கிறோம். அழகம்மாளுக்கு மட்டும் குறை. மடியைக் கண்டுபிடித்தவள் பெயர் எந்தக் கட்டத்தில் என்று கேட்கிறாள். அடுத்த எண்ணூறுக்கும் 'அழகம்மாள் மடி' என்று துணியிலேயே அட்டை வைத்துத் தைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் நம்பவில்லை, எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்து போனாள். மாமா தை ஒன்றுக்கு மிஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி வருவதை லெட்டர்ஹெட்டில் எழுத வேண்டும், என்னிடம் இல்லை. முருகம்மாள் மகளின் நோட்டில் நல்ல தாளாகப் பார்த்துக் கிழித்திருக்கிறேன்.

பணி நியமன ஆணை. திருமதி மைத்ரேயி அவர்கள் எங்கள் தையல் நிறுவனத்தின் ஏற்றுமதி மேலாளராக நியமிக்கப்படுகிறார். வேலை வாரத்தில் இரண்டு நாள் இங்கே, மற்ற நாள் வீட்டிலிருந்து. சம்பளம், முதல் ஆர்டரில் எங்கள் எல்லோருக்கும் என்ன பங்கோ அதே பங்கு, தினம் ஒரு முழம் மல்லிகை தனி. சேரும் நாள் 20.1.2026, செவ்வாய்க்கிழமை, முன்பு வேன் வந்துகொண்டிருந்த கிழமை. வேன் கிடையாது, டவுன் பஸ்ஸில் வரவும். பாலில் போட்ட டீ உண்டு.

மேற்படி மைத்ரேயி அவர்களின் வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று இந்த நிறுவனம் எந்தக் காலத்திலும் கேட்காது.

உங்கள் நம்பரை இன்று காலை திறந்துவிட்டேன். ஆனாலும் சம்மதத்தைப் போனில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திவ்யா,
உரிமையாளர்